சுத்தம் என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

காலை ஐந்தரைக்கு எங்கள் தெருவில் முதலில் கேட்பது கோயில் மணி. அடுத்தது ஈர்க்குமாறு சத்தம். முற்றம் பெருக்கி முடித்ததும் பலாச் சருகு, மாஞ்சருகு, முந்தின நாள் பால் கவர், பிஸ்கட் உறை எல்லாம் மூலையில் ஒரே குவியலாகும். பிறகு ஒரு தீக்குச்சி. பத்து நிமிஷத்தில் முற்றம் துடைத்துவிட்டது போல இருக்கும். புகை மட்டும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போயிருக்கும்.

கொளுத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது குடும்ப ஜெபத்தோடு சேர்ந்தே வந்த பழக்கம். ஆனால் இயற்கைக்கு எதிராக நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் பலவும் சோம்பலால் வருபவை அல்ல. இந்தச் சுத்தத்தின் பெயரால்தான் வருகின்றன. ஆதியாகமம் 2:15-ல் மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான் என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிட்டோம். தோட்டத்தில் சருகு என்பது குப்பையா?

சருகும் பால் கவரும் ஒன்றல்ல

முதல் தவறு இரண்டையும் ஒரே குவியலில் சேர்ப்பது. பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரியும்போது நச்சுப் புகை வரும். அதிலும் பி.வி.சி. கலந்திருந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு வரும். இருமல் உள்ள பிள்ளையும் வயதான அப்பச்சியும் அதே முற்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சருகைத் தென்னை மூட்டில் போடுங்கள். மூட்டைச் சுற்றி வட்டமாகத் தடம் எடுத்து, சருகை நிரப்பி, மேலே கொஞ்சம் மண் தூவினால் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தத் தடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடியில் மண் ஈரமாக இருக்கும். மண்புழு கையில் தட்டும். பால் கவரைக் கழுவி கொடியில் காயப்போட்டு ஒரு பையில் சேர்த்து வைத்தால், தூய்மைக் காவலர் வரும்போதோ, பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்கோ கொடுத்துவிடலாம். கழுவாத கவர் நாற்றம் எடுக்கும், யாரும் தொட மாட்டார்கள். அதனால்தான் கடைசியில் அது தீக்குப் போகிறது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சருகு விழுகிறது என்று மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். காய்த்துக்கொண்டிருந்த பலா ஒன்று எங்கள் தெருவில் அப்படித்தான் போனது.

இன்டர்லாக் கல்லும் வற்றிய கிணறும்

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, நாங்களும் செய்தோம். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது, சேறு மிதிக்கக் கூடாது என்று முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பாவினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் சித்திரையில், அதுவரை வற்றாத கிணற்றில் வாளி பாறையில் முட்டியது. பெய்த மழையெல்லாம் கேட் வழியாக ரோட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை என்றால் 4,600 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் 300 குடம், ஒரே மழையில். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை ஓடையில் விட்டுவிட்டு, அப்புறம் போர் போட ஆள் தேடுகிறோம்.

நாங்கள் கிணற்றைச் சுற்றியும் மாமரத்தைச் சுற்றியும் கல்லைப் பெயர்த்துவிட்டோம். மாடித் தண்ணீர் ஜல்லி, மணல், கரி போட்ட தொட்டி வழியாக வடிந்து கிணற்றுக்குப் போகிறது. பருவத்தின் முதல் மழையை மட்டும் உள்ளே விடுவதில்லை, மாடி அழுக்கு அதில்தான் வரும். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பாவுங்கள், மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும்.

அசன விருந்தில்

அசனம் என்று நாம் சொல்லும் சபை விருந்தில், பிளாஸ்டிக் டம்ளர் கூடாது என்று பேப்பர் கப்புக்கு மாறிய சபைகள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கப்பைக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். அது இல்லாவிட்டால் சூடான காப்பி தாங்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய இந்தக் கப்பும் உண்டு. வாழை இலை போல அச்சடித்த தாள் இலையும் இதே ரகம்தான். மட்டி, ரசகதலி, ஏத்தன் என இத்தனை வாழை விளைகிற ஊரில் அச்சடித்த இலையில் சோறு போடுவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

அண்டாவும் வார்ப்பும் சபையில் ஏற்கெனவே உண்டு. ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட பணத்தில் ஐந்நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி அதோடு வைத்தால் பல வருஷம் வரும். கழுவ ஆள் யார் என்ற கேள்வி வரும். வாலிபர் சங்கம் இருக்கிறதே! மீதியான சோறும் கறியும் குழியில் போவதற்கு முன்னால் யோவான் 6:12-ஐ நினைத்துக்கொள்ளலாம். ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் துணிக்கைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார் இயேசு. பந்தி முடியும் நேரத்துக்குத் தூக்குவாளியோடு வரச் சொன்னால் வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சானலில் போட்டால் எங்கே போகும்

வீட்டைச் சுத்தம் செய்து சானல்கரையில், அதாவது கால்வாய்க் கரையில், கொட்டுவது இன்னொன்று. நம் சானல்களும் குளங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலில் சேர்க்கப்பட்ட ஈரநிலம். பழையாற்றில் போனது மணக்குடியில் கடலில் சேரும், குழித்துறையாற்றில் போனது தேங்காப்பட்டணத்தில். அங்கே வலை இழுக்கிறவரும் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்தான். நம் வீட்டு டயப்பரை அவர் மீனிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்குப் பிளாஸ்டிக் பூ வாங்குவதையும் விட்டுவிடலாம். தோவாளைப் பூச்சந்தை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அது எதற்கு? கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மோகோல் வேண்டாம், வைக்கோலும் களிமண்ணும் போதும். குருத்தோலையைப் பத்திரமாக வைத்திருந்து மறு வருஷம் சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கக் கொடுப்பது போல, ஸ்டாரையும் துடைத்துப் பரணில் வைத்தால் அடுத்த டிசம்பருக்கு ஆகும்.

நட்ட பிறகு

கடைசியாக, மரக்கன்று. ஆலய வளாகத்தில் போட்டோ எடுத்து நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த வருஷம் இருக்கின்றன என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். மழையில்லாத மாசியில் நடுவது தவறு, ஜூனில் நட்டால் இரண்டு மழையும் கிடைக்கும். கடற்கரை ஊர்களில் புன்னையும் பூவரசும் உப்புக்காற்றைத் தாங்கும், கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் பலாவும் புளியும் வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று என்று பொறுப்புக் கொடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை வாரம் இரண்டு நாள், பிள்ளைகள் கையில் ஒரு குடம் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் போதும். முதல் கோடையைத் தாண்டிய கன்றுக்கு அதற்குப் பிறகு இவ்வளவு கவனம் தேவைப்படாது.