மைன்கிராஃப்டில் முயல் ஸ்டியூ: சமைக்கும் முறையும் சாப்பிட வேண்டிய நேரமும்

காளான் ஸ்டியூவும் பீட்ரூட் சூப்பும் மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமில் தலா 6 பசிப் புள்ளிகளைத் தருகின்றன. முயல் ஸ்டியூ ஒரு கிண்ணத்துக்கு 10 புள்ளிகள் தருகிறது. அதாவது, ஆட்டக்காரரின் பசியைக் காட்டும் 20 புள்ளிப் பசிப் பட்டை பாதி காலியாகிவிட்டாலும் ஒரே கிண்ணத்தில் முழுதாக நிரம்பிவிடும். சமைத்த முயல்கறி, கேரட், சுட்ட உருளைக்கிழங்கு, ஏதேனும் ஒரு காளான், ஒரு கிண்ணம் ஆகிய ஐந்தும் இதற்குத் தேவை.

இவற்றுள் ஆட்டக்காரரை அலையவிடுவது முயல்தான். பாலைவனம், பனிச் சமவெளி, ஊசியிலைக் காடு ஆகிய நிலப்பகுதிகளில் முயல்கள் திரியும். அருகில் சென்றால் துள்ளி ஓடிவிடும். கூடுதல் பொருள்களை விழச் செய்யும் லூட்டிங் மந்திரம் ஏற்றாத ஆயுதத்தால் வீழ்த்தினால் ஒரு முயலிடமிருந்து அதிகபட்சம் ஒரு துண்டு இறைச்சிதான் விழும், பல நேரங்களில் அதுவும் விழாது. ஆகவே தொடர்ந்து சமைக்க விரும்புபவர்கள் இரண்டு முயல்களை வேலிக்குள் அடைத்து, கேரட் கொடுத்து இனப்பெருக்கம் செய்ய வைப்பதே நல்லது. வேலி உறுதியாக இருக்கட்டும். தப்பி வெளியே வரும் முயல், விளைந்து நிற்கும் கேரட் பயிரை மேய்ந்துவிடும். தீப்பற்றிய நிலையில் இறக்கும் முயல் சமைத்த கறியையே தரும் என்பதால், தீயம்பு எய்யும் வில் வைத்திருப்பவர்களுக்கு அடுப்பு வேலை ஒன்று மிச்சம்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் கிராமத்து வயல்களில் கிடைக்கும். இவற்றுக்குத் தனி விதை கிடையாது. கிழங்கையே மண்வெட்டியால் கொத்திய நிலத்தில் ஊன்ற வேண்டும். ஒரு கட்டம் தண்ணீர், தன்னைச் சுற்றி நான்கு கட்டங்கள் வரை நிலத்தை ஈரமாக வைத்திருக்கும். காளானுக்கு மங்கலான இடம் வேண்டும். வெளிச்ச அளவு 12-க்கு மேல் போனால் சாதாரண மண்ணில் அதை நட முடியாது. சதுப்பு நிலத்திலும் நெதர் என்னும் பாதாள உலகிலும் தேடினால் எளிதில் அகப்படும். சிவப்பா பழுப்பா என்பது இந்த ஸ்டியூவுக்கு முக்கியமில்லை. மூன்று பலகைகளை V வடிவில் அடுக்கினால் நான்கு கிண்ணங்கள் கிடைக்கும்.

முயல்கறியையும் உருளைக்கிழங்கையும் ஃபர்னஸ் என்னும் அடுப்பில் இட்டால் ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி ஆகும். உணவுக்கென்றே உள்ள ஸ்மோக்கர் அடுப்பில் அதில் பாதி நேரமே பிடிக்கும். ஒரு நிலக்கரி எட்டுப் பொருள்களைச் சமைக்கும் என்பதால், இரண்டு பொருளுக்காக அதைச் செலவிடுவது வீண். திறந்தவெளி நெருப்பான கேம்ப்ஃபயருக்கு எரிபொருளே வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு பொருள்களை அதன் மேல் வைக்கலாம், ஆனால் 30 விநாடி காத்திருக்க வேண்டும். பயணத்தின் நடுவே தங்கும்போது நான் கேம்ப்ஃபயரையே பரிந்துரைப்பேன்.

பொருள்கள் ஐந்து என்பதால் இன்வென்டரியில் (ஆட்டக்காரரின் பொருள் பையில்) பொருள் செய்ய உள்ள நான்கு கட்டங்கள் போதாது, ஒன்பது கட்டங்கள் கொண்ட கிராஃப்டிங் டேபிள் அவசியம். மேல் வரிசையின் நடுவில் முயல்கறியையும், நடு வரிசையில் இடமிருந்து வலமாகக் கேரட், உருளைக்கிழங்கு, காளான் ஆகியவற்றையும், கீழ் வரிசையின் நடுவில் கிண்ணத்தையும் வைத்தால் ஸ்டியூ தயார்.

இவ்வளவு பாடுபட்டுச் சமைப்பது உண்மையில் லாபமா என்று கணக்குப் பார்த்தால் சற்று ஏமாற்றமே மிஞ்சும். முயல்கறி 5, சுட்ட உருளைக்கிழங்கு 5, கேரட் 3 எனத் தனித்தனியாகச் சாப்பிட்டால் மொத்தம் 13 புள்ளிகள் கிடைக்கும். அவற்றையே ஸ்டியூவாக்கினால் 10-தான். போதாக்குறைக்கு, ஸ்டியூ கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ஒவ்வொன்றும் இன்வென்டரியில் தனி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே தினசரி உணவாக இதைக் கருத வேண்டியதில்லை. இதன் பயன் நேரத்தில் இருக்கிறது. ஒரு உணவைச் சாப்பிட ஏறத்தாழ 1.6 விநாடி ஆகும். மூன்றையும் தனித்தனியே உண்ண ஐந்து விநாடி நெருங்கிவிடும். எலும்புக்கூடுகள் அம்பு மழை பொழியும்போது அந்த ஐந்து விநாடி கிடைக்காது. குகைக்குள் இறங்கும் முன் ஒன்றிரண்டு கிண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பசிப் பட்டை பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு சாப்பிடுங்கள். அதற்கு முன்பே சாப்பிட்டால் மிச்சப் புள்ளிகள் வீணாகும். காலிக் கிண்ணம் கைக்கே திரும்பி வரும், அதை எறிந்துவிட வேண்டாம்.

முயல் தேடி அலுத்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: கிராமத்து இறைச்சிக் கடைக்காரர் தொடக்க நிலையிலேயே, விளையாட்டில் பணமாகப் பயன்படும் மரகதம் ஒன்றுக்கு ஒரு கிண்ணம் முயல் ஸ்டியூ விற்பதுண்டு.