கொசுவலையிலிருந்து சாலிட்டான் வரை: சைன்-கார்டன் சமன்பாட்டைக் கையால் போட்டுப் பார்ப்போம்

சதுரக் கண் உள்ள கொசுவலைத் துண்டு ஒன்றை எடுத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். கண்கள் சாய்சதுரமாகும். நூலின் நீளம் மாறாது, நூல்களுக்கு இடையே உள்ள கோணம்தான் மாறும். அந்தக் கோணத்தை 'கோ' என்று வைத்துக்கொள்வோம்.

படி 1. காஸ் வளைவு (ஒரு புள்ளியில் பரப்பு எப்படி, எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) எங்கும் -1 ஆக இருக்கும் பரப்பு ஒன்றை எடுப்போம். எந்த இடத்தில் பார்த்தாலும் அது குதிரைச் சேணம் போல இருக்கும். சேணத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மேலேயும் வளையாத, கீழேயும் வளையாத இரண்டு திசைகள் உண்டு. அவற்றின் வழியே நூல் ஓட்டினால் நம் கொசுவலை தானாகவே அமைந்துவிடுகிறது. நூல் திசைகள் ப, ம என்றால், கோணத்தை ப-வைக் கொண்டு ஒருமுறை, ம-வைக் கொண்டு ஒருமுறை வகையிட்டால் கிடைப்பது சைன்(கோ). 1862இல் எட்மண்ட் பூர் எழுதிய சமன்பாடு இது. 'சைன்-கார்டன்' என்பது பின்னால் இயற்பியல்காரர்கள் கிளைன்-கார்டன் என்ற வேறொரு சமன்பாட்டின் பெயரைக் கிண்டலாகத் திருப்பி வைத்த பெயர்.

படி 2. கோ = 0 ஒரு தீர்வுதான். வலை மடங்கி ஒற்றைக் கோடாகிவிட்ட நிலை அது. அதிலிருந்து உருப்படியான தீர்வை எடுப்பது பேக்லண்ட் மாற்றம்:

ப திசையில் கோ மாறும் வீதம் = 2க × சைன்(கோ/2)
ம திசையில் கோ மாறும் வீதம் = (2/க) × சைன்(கோ/2)

இதில் க நாமே தேர்ந்துகொள்ளும் ஒரு மாறிலி. முதல் வரியை ம-வைக் கொண்டு வகையிடுங்கள். க அடிபட்டுப் போய் 2 சைன்(கோ/2) கொசைன்(கோ/2), அதாவது சைன்(கோ) வந்து நிற்கும். இதை நம்பிவிடாமல் தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

படி 3. தீர்த்தால் டேன்(கோ/4) = எக்ஸ்ப்(ந), இதில் ந = க·ப + ம/க. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து ந = -3, 0, 3 கொடுங்கள். கோ 0.20, 3.14, 6.08 என வரும். பூச்சியத்திலிருந்து 2பை வரை ஒரே ஏற்றம். இதுதான் சாலிட்டான், அதாவது உருக்குலையாமல் நகரும் தனி அலை.

படி 4. க = 1 எனில் பரப்பு போலிக்கோளம்: இரண்டு நாதஸ்வர அணைசுகளை வாயோடு வாய் வைத்த வடிவம். வேறு க போட்டால் முறுக்கிய டினி பரப்பு. முதல்முறை வரைந்தபோது நடுவில் ஒரு கூரான விளிம்பு வந்தது. புரோகிராமில் பிழை என்று அரை நாள் தேடினேன். பிழையே இல்லை. ந = 0இல் கோ = பை, சைன் பூச்சியம், வலைக் கண்ணின் பரப்பளவும் பூச்சியம். சாலிட்டானின் நடுப்புள்ளி விழும் இடம்தான் அந்த விளிம்பு. காஸ் வளைவு எங்கும் -1 ஆக, விளிம்பே இல்லாத முழுப் பரப்பு முப்பரிமாணத்தில் அமையாது என்று 1901இல் ஹில்பர்ட் நிறுவிவிட்டார்.

படி 5. இரண்டு சாலிட்டான்களைச் சேர்க்கத் தொகையீடே வேண்டாம், பியாங்கியின் சூத்திரம் போதும்:

டேன்(கோ3/4) = (க1+க2)/(க1−க2) × டேன்((கோ1−கோ2)/4)

க1, க2 போட்டுக் கிடைத்த சாலிட்டான்கள் கோ1, கோ2; இரண்டும் சேர்ந்த தீர்வு கோ3. க1, க2 சமமாக இருக்கக்கூடாது. ப = ம = 0 போட்டுப் பாருங்கள். கோ1, கோ2 இரண்டும் பை, ஆக கோ3 பூச்சியம். அங்கேயும் வலை மடங்கித்தான் கிடக்கிறது.