கிந்தாச் சதுப்பின் ஆர்க்கிட்டை வீட்டு வாசலில் வளர்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாசலில் ஆர்க்கிட் தொங்காத வீடு குறைவு என்றாலும், இதே பேராக் மண்ணுக்குரிய ஆர்க்கிட்டை அடையாளம் கண்டு வளர்ப்பவர்கள் மிகச் சிலரே. கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்புகளில் மண்டிக் கிடந்ததால் ஆங்கிலேயர்கள் அதைக் 'கிந்தா வீட்', அதாவது கிந்தாக் களை, என்று அழைத்தார்கள். அதன் தாவரவியல் பெயர் பாப்பிலியோனாந்தே ஹூக்கேரியானா; பழைய வளர்ப்பாளர்களுக்கு அது இன்றும் வாண்டா ஹூக்கேரியானாதான். வெண்மையும் இளம் ஊதாவும் கலந்த இதழ்களுக்குக் கீழே, விசிறிபோல் விரிந்த உதட்டிதழில் அடர் ஊதாப் புள்ளிகளும் கோடுகளும் தெளித்திருக்கும்.

வளர்க்கும் முறையைச் சொல்லுமுன் அதன் இயல்பிடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தச் செடியில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அதை அறியாததால் வருபவை. காட்டு மரக்கிளையின் நிழலில் வாழும் ஆர்க்கிட் அன்று இது. நீர் தேங்கிய திறந்த சதுப்பில், புதர்களைப் பற்றிக்கொண்டு வெயிலை நோக்கி ஏறும் செடி. பென்சில்போல் உருண்டு ஒல்லியாக இருக்கும் இலைகள் கடும் வெயிலைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை. வேர்ப்பகுதியில் ஈரம், உச்சியில் வெயில் என்ற இரண்டையும் ஒருசேரக் கொடுக்க முடியாதவர்கள் வேறு ஆர்க்கிட்டைத் தேடுவதே நல்லது.

நானும் முதல் செடியை அஞ்சடியில், கூரையின் கீழ்தான் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன். தண்டு வெளுத்து வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்ததே தவிர, ஒரு மொட்டுகூட வரவில்லை. குளியலறைத் தண்ணீர் ஓடும் காணுக்கு அருகே வெட்டவெளியில் மாற்றி நட்ட பிறகுதான் பூத்தது.

நடுவதற்கு, இரண்டு மூன்று வான்வேர்கள் உள்ள, ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள நுனித்தண்டை வெட்டி, வெட்டுவாயை ஒரு நாள் காயவிட வேண்டும். இடுப்பளவு உயரமுள்ள உறுதியான கம்பு ஒன்றை ஊன்றித் தண்டை அதனுடன் தளர்வாகக் கட்டி, கீழ் வேர்கள் மண்ணுக்குள் புதையாமல் தேங்காய் மட்டைத் துண்டுகளால் மூட வேண்டும். பால்மரக் (ரப்பர் மரக்) கம்பு சீக்கிரம் உளுத்துப்போகும். அதை நம்ப வேண்டாம். மட்டை ஒருபோதும் காயக்கூடாது என்பதால் மழையில்லாத நாள்களில் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டும். நன்றாகக் கரைத்து நீர்த்த மாட்டுச் சாணத்தைப் பத்து நாளுக்கொரு முறை விட்டால் போதும். தொட்டியில் நீர் தேக்கி வளர்ப்பவர்கள் கப்பி மீன்களை விட்டுவைக்க வேண்டும், இல்லையெனில் ஏடிஸ் கொசு பெருகிச் சுகாதார அதிகாரிகளின் அபராதம் பூவுக்கு முன்பே வந்து சேரும்.

தண்டின் உச்சி கம்பைத் தாண்டித் தனியே காற்றில் நிற்கும்போதுதான் பூங்கொத்து வரும். ஆகவே, செடி வளர வளர நீளமான கம்பை மாற்றிக் கட்டிக்கொண்டே போவது வளர்ப்பவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் கெடுதல். மிகவும் உயர்ந்துவிட்டால் நுனியை வெட்டிப் புதிதாக நடலாம். அடித்தண்டிலிருந்து பக்கக்கிளை வெடிக்கும்.

வாங்கும்போது கவனம் தேவை. என்னிடம் ஒரு நாற்றுக்கடையில் கிந்தாக் களை என்று விற்றது, அதன் பிள்ளையான மிஸ் ஜோக்கிம் கலப்பினம். 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரான அதை 1893இல் விவரித்து எழுதியவர் தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி; பால்மரத்தைப் பெரிதாகக் காயப்படுத்தாமல் சீவும் முறையை வகுத்து, நம் முன்னோர்கள் கையில் உளி ஏறக் காரணமானவரும் அவரே. இரண்டையும் பிரித்தறிய உதட்டிதழைப் பார்த்தால் போதும்: கலப்பினத்தின் பூ பெரிது, இளஞ்சிவப்பு ஊதா நிறம் மேலோங்கியிருக்கும், கிந்தாவின் உதட்டில் புள்ளிகளே முந்தித் தெரியும்.

ஈய லம்பங்களும் (சுரங்கங்களும்) பிறகு தோட்டங்களும் வீடமைப்பும் சதுப்புகளைப் பெரிதும் விழுங்கிவிட்டதால், எங்கேனும் பழைய குட்டையோரத்தில் இது தென்பட்டாலும் பிடுங்கி வரக்கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு நுனித்தண்டு கேட்டு வாங்குங்கள். வெட்டக் கொடுத்த செடிக்கும் அதனால் நட்டமில்லை, மறுபடி கிளைக்கும்.