லாரியின் டீசல் ஃபில்டரை மாற்றுவதும், மாற்றிய பின் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதும்

ஃபில்டர் மாற்றிய மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அழைப்பு வந்து நான் போய்ப் பார்த்த லாரிகளில், புதிய ஃபில்டரே பழுதாக இருந்தது மிக அரிது. மாற்றும்போது உள்ளே போன காற்றோ, சுத்தமான பக்கத்தில் விழுந்த தூசியோதான் பெரும்பாலும் காரணமாக இருந்தது. கழற்றி மாட்டுவது எளிய வேலைதான். காற்றையும் அழுக்கையும் உள்ளே விடாமல் செய்வதில்தான் கவனம் வேண்டும்.

பெரும்பாலான லாரிகளில் டீசல் இரண்டு கட்டமாக வடிகட்டப்படுகிறது. டேங்க்கை அடுத்துவரும் முதல் ஃபில்டர் தண்ணீரைப் பிரித்து, ஏறக்குறைய 10 முதல் 30 மைக்ரான் அளவுள்ள துகள்களைப் பிடிக்கும். அதன் அடியில் கிண்ணமும், தண்ணீரை வெளியேற்றும் திருகும், தண்ணீர் சேர்ந்தால் டேஷ்போர்டில் விளக்கை எரியவிடும் சென்சாரும் இருக்கும். உயர் அழுத்தப் பம்புக்கு முன்னால் உள்ள இரண்டாவது ஃபில்டர் 2 முதல் 5 மைக்ரான் வரை வடிகட்டும். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நுணுக்கம் புரியும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (டீசலைத் தெளிக்கும் முனைகளுக்கும்) ரெயில் என்ற ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இயந்திரங்களில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரையும் அதற்கு மேலும் போகும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உராய்வைக் குறைப்பது அந்த டீசலேதான் என்பதால், அதில் கலந்த தண்ணீர் உலோகத்தை நேரடியாகத் தின்னும்.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தண்ணீர்த் தொல்லை ஆண்டு முழுவதும் உண்டு. வார இறுதியில் கனரக வாகன நிறுத்துமிடத்தில் பாதி டேங்க்குடன் நிற்கும் லாரியில், டீசலுக்கு மேலுள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து துளிகளாகி அடியில் சேர்கிறது. ஜொகூருக்குப் போய்வரும் லாரிகள் அங்கே நிரப்பும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கும். மலேசியாவில் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காட்டுக் கலவை 2019இல் வந்தது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை இழுக்கும். ஆகவே வேலை முடிந்த மாலையில் டேங்க்கை நிரப்பி நிறுத்துவதும், வாரம் ஒருமுறை கிண்ணத்தின் திருகைத் திறந்து தண்ணீரை விடுவதும் ஃபில்டரின் ஆயுளைக் கூட்டும். மாற்றும் இடைவெளிக்குக் கையேடுதான் அளவுகோல். ஆனால் லாரி கிரேன் பொருத்திய வண்டி கட்டுமானத் தளத்தில் நின்றபடியே மணிக்கணக்கில் ஓடும் என்பதால், அதற்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, இயந்திரம் ஓடிய மணி நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தயாரிப்பு

வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லியே ஃபில்டரை வாங்குங்கள்; வெளித்தோற்றமும் மரையும் ஒத்துப்போனாலும் உள்ளே வடிகட்டும் அளவு வேறாக இருக்கலாம். புதிய ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), செப்பு வாஷர், ஃபில்டர் ஸ்பேனர், பிசிறு விடாத துணி, தட்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துவைத்த பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஆறட்டும், ரெயிலில் உள்ள அழுத்தமும் இறங்கட்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது.

அடுத்து, ஃபில்டரையும் அது மாட்டியிருக்கும் தலைப்பகுதியையும் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷாலும் துணியாலும் நன்றாகத் துடையுங்கள். சேசிஸ் சட்டத்தின் பக்கவாட்டில் மாட்டிய ஃபில்டரின் மேல் தளத்துச் சேறு காய்ந்து ஓடுபோலப் படிந்திருக்கும். அதை அப்படியே விட்டுக் கழற்றினால் ஒரு சிட்டிகையாவது சுத்தமான பக்கத்துத் துளையில் விழும். அதை வடிகட்ட அதற்குப் பிறகு வேறு எதுவும் இல்லை. முழு வேலைக்கு 40 நிமிடம் ஆகுமென்றால் 15 நிமிடத்தை நான் இதற்கே கொடுப்பேன். உயர் அழுத்தத் தண்ணீரை மின் இணைப்புகளின் மேல் அடிக்காதீர்கள்.

கழற்றுதல், மாட்டுதல்

முதலில் தண்ணீர் சென்சாரின் இணைப்பைப் பிரியுங்கள். மறந்து ஃபில்டரைத் திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும். அடித்திருகைத் திறந்து, மேலே ஏர் எடுக்கும் திருகையும் சற்றே தளர்த்தினால் டீசல் முழுவதும் இறங்கும். அதில் முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே தெளிந்து நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் கறுப்பாகக் கோழைபோல ஒரு படலம் தெரிந்தால், டேங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. துரு நிறம் தெரிந்தால் டேங்க்கோ குழாயோ அரிக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றி இவ்விரண்டும் தீராது. வடித்த டீசலை ஒருபோதும் சாலையோரக் கால்வாயில் ஊற்றக்கூடாது. உரிமம் பெற்ற கழிவெண்ணெய்ச் சேகரிப்பாளரிடம் சேர்ப்பதற்காகத் தனிக் கலனில் வையுங்கள்.

பழைய ஃபில்டர் கையில் வந்ததும், அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒருமுறை ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நின்றுபோன லாரியைப் பார்க்கப் போனபோது, வெளியே ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. ஃபில்டரை இறக்கி, தலைப்பகுதியில் விரல் நகத்தால் கீறியபோதுதான், உலோகமென்று நான் எண்ணிய கறுப்பு விளிம்பு பிசுபிசுத்து உரிந்து வந்தது. பழைய வளையம் அங்கேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதையும் வைத்து இறுக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் விரலாலும் தடவிப் பார்க்கிறேன்.

புதிய வளையத்தில் சுத்தமான டீசலை லேசாகத் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தலைப்பகுதியைத் தொட்ட பிறகு எத்தனை சுற்று என்பது ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் அரை முதல் முக்கால் சுற்று. ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டுமே. மூடியைத் திறந்து உள்ளே எலிமென்ட்டை மட்டும் மாற்றும் வகையென்றால், ஓ ரிங் தன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வேண்டும். மூடியைக் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவைத் தாண்டி இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். இரண்டாவது ஃபில்டரின் நடுத்துளை வழியாக டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்தத் துளை வடிகட்டிய டீசல் வெளியே போகும் வழி.

தலைப்பகுதியோடு முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிய நிலைகள் சிலவே: மரை தேய்ந்திருப்பது, வார்ப்பில் விரிசல், கையால் அடித்து டீசலை ஏற்றும் ஹேண்ட் பம்ப்பின் உறை கிழிந்து டீசல் வியர்ப்பது. குழாய்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் படமெடுத்து, எது உள்வழி, எது வெளிவழி என்று அடையாளம் கட்டுங்கள். குழாயைப் பிணைக்கும், நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுக்கு இரு பக்கமும் புதிய செப்பு வாஷர் போட வேண்டும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றவே கூடாது, ஏனெனில் அதன் நார் பிய்ந்து உயர் அழுத்தப் பம்புக்குப் போய்விடும்.

மாட்டி முடித்ததும் ஏர் எடுக்கும் திருகைத் திறந்து ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழிகள், கடைசியில் குமிழியில்லாத டீசல் வரும். அப்போது திருகை மூடி, பம்ப் கல்போல் இறுகும்வரை அடியுங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பழைய இயந்திரங்களில் செய்ததுபோல் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திக் காற்றை எடுப்பதைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்துப்போல் சிறிதாகத் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கோளாறு எங்கே என்று தேடுதல்

டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், டேங்க்கிலிருந்து அந்தப் பம்ப் வரையுள்ள வழி உறிஞ்சும் பக்கம். அங்கே மூட்டு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஈரத்தைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி ஓட்டினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். குமிழி தெரிந்தால், சுத்தமான கலனில் டீசல் எடுத்து நேராக ஃபில்டரின் உள்வழிக்குக் கொடுங்கள். அப்போது குமிழி நின்றால் கோளாறு டேங்க் பக்கத்துக் குழாயிலும் கிளிப்பிலும் இருக்கிறது. நிற்காவிட்டால் ஃபில்டரின் வளையத்திலும், தலைப்பகுதியிலும், அடித்திருகிலும் தேடுங்கள்.

குமிழியே இல்லாமல் மேம்பாலம் ஏறும்போது மட்டும் இழுவை குறைந்தால், அது அடைப்பு. ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் குறைவு என்பதற்கான கோளாறுக் குறியீடு பி0087 வரலாம். புதிய ஃபில்டரும் சில நாளில் அடைத்தால் டேங்க்கைக் கழுவ வேண்டும். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்றை இழுத்தால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தாலே போதும். தண்ணீர் விளக்கு அணையவில்லை என்றால், வடித்துப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகே சென்சாரையும் இணைப்பையும் சந்தேகியுங்கள். வண்டி விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் அங்கே ஃபில்டரில் கைவைக்காதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி கட்டணமின்றி இழுத்துச் சென்று பாதுகாப்பான இடத்தில் விடும்.

எல்லாம் சரியாக ஓடினால் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, மூட்டுகளைத் துடைத்து, மறுபடி பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருப்புமுன் ஹேண்ட் பம்ப்பை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். உடனே இறுகினால் வண்டியை வேலைக்கு அனுப்பலாம். மெத்தென்று உள்ளே போனால், இரவில் டீசல் டேங்க்குக்குத் திரும்பி இறங்கி, அந்த இடத்தில் காற்று நுழைந்திருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து மூட்டுகளை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.