மொட்டை மாடில சீலோமீட்டர் வைக்கப் போறீங்களா? முதல்ல சூரியனைப் பாருங்க

புகைமூட்டத்தையும் மழையையும் லேசர் வெச்சு அளக்கணும்னா ரெண்டு கருவி வேணும். வானத்தைப் பாத்து லேசர் அடிக்கிற சீலோமீட்டர் ஒண்ணு, மழைத்துளியை எண்ணுற டிஸ்ட்ரோமீட்டர் ஒண்ணு.

சீலோமீட்டரை நேரா நிமித்தி வைக்காதீங்க, ஏன்னா சென்னைல ஏப்ரல் கடைசிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் மத்தியான சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல வந்துரும், லென்ஸ் அதைக் குவிச்சு உள்ள இருக்கிற டிடெக்டரையே காலி பண்ணிரும். வடக்குப் பக்கமா 15 டிகிரி சாய்ச்சிருங்க. ஜூன் 21 அன்னிக்குக்கூட சூரியன் வடக்க 10 டிகிரி சொச்சம்தான் போகும், அதனால வருஷம் பூரா கவலை இல்ல, கண்ணாடில மழைத்தண்ணியும் தேங்காது. ஆனா சாய்ச்சதுக்கு கணக்கு பாக்கணும், 1000 மீட்டர்னு காட்டினா நிஜ உயரம் 966 மீட்டர்தான்.

லேசர் போய் தூசில பட்டு திரும்பி வர 10 மைக்ரோசெகண்ட் ஆச்சுன்னா தூசு 1500 மீட்டர் தள்ளி இருக்கு. தூரம் கூடக்கூட வெளிச்சம் ரொம்ப வேகமா குறையும், அதனால சிக்னலை தூரத்தோட ஸ்கொயரால பெருக்கிட்டு படம் போடுங்க, இல்லேன்னா எப்பவும் தரைக்குப் பக்கத்துலதான் தூசுன்னு தோணும். அதேசமயம் நிறைய மெஷின்ல லேசரும், திரும்பி வர்ற வெளிச்சத்தைப் பிடிக்கிற டெலஸ்கோப்பும் தனித்தனி, கிட்டக்க ரெண்டும் ஒரே இடத்தைப் பாக்காது, அதனால பக்கத்துல இருக்கிறது சரியா தெரியாது. போகி புகை மாதிரி தரையோட படுத்துக் கிடக்கிறதைப் பிடிக்க கீழ ஒரு சின்ன பிஎம் 2.5 (ரொம்ப பொடித் தூசு) சென்சாரும் வைங்க. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல போனா தூசு தண்ணிய உறிஞ்சி உப்பிரும், சிக்னல் ஏறும், புகை கூடிருச்சுன்னு ஏமாந்துராதீங்க, ஹியூமிடிட்டியையும் கூடவே எழுதி வைங்க.

அடுத்தது டிஸ்ட்ரோமீட்டர். பார்சிவெல்னு ஒரு மாடல் இருக்கு, அதுல 18 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு லேசர் பட்டை, லேசரை அனுப்புற தலை, வாங்குற தலைன்னு ரெண்டு தலைக்கும் நடுவுல ஓடும். துளி விழும்போது வெளிச்சம் எவ்ளோ மங்குதுன்றது அதோட சைஸ், எவ்ளோ நேரம் மங்குதுன்றது வேகம். 1 மி.மீ. துளி நொடிக்கு 4 மீட்டர் வேகத்துல விழும், 5 மி.மீ. துளி 9 மீட்டர். அதனால பெரிய துளி ஆமை வேகத்துல வந்ததா டேட்டால இருந்தா அது மழையே இல்ல. எனக்கு ஒருநாள் ராத்திரி நட்சத்திரம் தெரியுற வானத்துல தூறல்னு காட்டிட்டே இருந்துச்சு, டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தா ரெண்டு தலைக்கும் நடுவுல சிலந்தி வலை. இப்போ வாரம் ஒருதடவை தொடப்பக்குச்சியோட மாடி ஏறிடறேன்.