பிளேடுக்கு விங் பூட்டி நான் பட்ட பாடு
கனடா ஸ்காபரோவில பார்க்கிங் லொட் ஸ்னோ தள்ளுறன், பிக்கப் ட்ரக், முன்னால ஸ்னோ தள்ளுற 7.5 அடி பிளேட். போன சீசன் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி விங், அதுதான் பிளேட்டை அகலமாக்கிற நீட்டுத் தகடு, பூட்டினன். 2, 3 இஞ்சி தூள் ஸ்னோவுக்கு சொல்லி வேலையில்லை, ஓரத்தால வழியிறது நல்லாக் குறைஞ்சுது.

ஈரமான ஸ்னோ ஒரு அடி கொட்டின அண்டைக்குத்தான் வந்தது வினை. விங் எல்லாத்தையும் அணைச்சுக்கொண்டு வருது, பாதி லொட் தாண்ட முதலே டயர் நிண்ட இடத்தில சுத்துது, பிளேட்டை சரிச்சா ட்ரக்கின்ர மூக்கே ஒரு பக்கமா இழுபடுது, கடைசியா விங் லொட் ஓரத்துக் கட்டில (கேர்ப்) கொழுவி ரெண்டு போல்ட் வளைஞ்சு போச்சு.

டோர்ச் அடிச்சுப் பாத்தா, விங்கின்ர அடி மெயின் எட்ஜை (பிளேட்டுக்கு அடியில நிலத்தில உரசுற இரும்பு) விட அரை இஞ்சி கீழ நிக்குது. பழைய எட்ஜ் தேஞ்சிருக்கு, விங் புதுசு, பிறகென்ன!

போல்ட் மாத்தி விங்கை அரை இஞ்சி ஏத்திப் பூட்டினன். பின் அக்சிலுக்குப் பின்னால மண் மூட்டை அடுக்கிக் கட்டினன், டயர் இப்ப பிடிக்குது. 6 இஞ்சிக்கு மேல எண்டா விங் கழட்டிப்போட்டுத்தான் வெளிக்கிடுறது. கராஜுக்க 10 நிமிசம், வெளிக்குளிருக்க எண்டா ஸ்னோவுக்க விழுந்த நட்டைத் தேடவே அரை மணித்தியாலம்.