அந்தமானில் பெரும்பாரையை உயிரோடு கடலுக்கு அனுப்புவது எப்படி: படகுக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும்

அந்தமானுக்கு ராடும் ரீலுமாக வருகிறவர்களில் பலர் தேடி வருவது பெரும்பாரையைத்தான். ஜி.டி. (ஜயன்ட் டிரெவாலி) என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஏறத்தாழ 60 செ.மீ. நீளம் வந்த பிறகே இது முட்டை வைக்கும் பருவத்தை எட்டுகிறது. அதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகிவிடும். மீட்டர் நீளப் பாரை ஒன்றைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வளர்ந்து வரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால் பிடித்ததை விட்டுவிடும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் நீந்திப் போவதுபோல் தெரிந்த மீன் அரை மணி நேரத்தில் அடியில் செத்துக் கிடக்கலாம், சுறாவுக்கு இரையாகலாம். அது பிழைக்குமா என்பது பாதிக்கு மேல் கரையிலேயே, தூண்டில் முள் கட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் முள். கடையில் வாங்கும் பாப்பரில் (நீர்மேல் தெறித்து மீனை ஈர்க்கும் செயற்கை இரை) இரண்டு மும்முனை முட்கள் இருக்கும். மீன் துள்ளும்போது ஒரு முனை வாயிலும் இன்னொன்று கண்ணிலோ செவுளிலோ ஏறுவது இதனால்தான். இரண்டையும் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூரைப் பிளையரால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடும் என்ற பயம் வேண்டாம். தூண்டில் நரம்பு தொய்யாமல் இருந்தால் தப்பாது. எதிர்க்கூர் இல்லாத முள் உங்கள் கையில் ஏறினாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும், ஆஸ்பத்திரி பல மணி நேரம் தள்ளி இருக்கும் தீவுகளில் இது சின்ன விஷயமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முள் மாற்றியதும் பாப்பரின் எடை குறையும், இழுக்கும்போது அது புரண்டு உருளும். படகோரத்தில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வால் பக்கம் தாழ்ந்து, முகம் மேலே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வால் பக்கத்தில் கனமான வளையமோ பெரிய முள்ளோ போட்டுச் சரிசெய்யுங்கள்.

இரை வைத்துப் பிடிப்பவர்களுக்கு நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்தான். இதில் வெட்டி இழுக்கக் கூடாது, அதாவது ராடைச் சட்டென்று உதறி இழுக்கக் கூடாது. பழக்க தோஷத்தில் வெட்டினால் முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை நிதானமாகச் சுற்றினால் போதும், வாயோரத்தில் தானாக மாட்டும். முள்ளை விழுங்கிவிட்ட மீனைத் தோண்டாதீர்கள். வாய்க்கு அருகில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். இதற்காகவே துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்த்துத் துருப்பிடிக்கும் முள்ளை வாங்க வேண்டும்.

மெல்லிய தூண்டில் சாமான் பெருமைக்கு உதவும், மீனுக்கு உதவாது. நெடுநேரம் இழுபட்ட மீன் தசையில் அமிலம் சேர்ந்து, விட்ட பிறகும் மீளாது. பெரும்பாரைக்கு 80 முதல் 100 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு), முள் பக்கம் 170 பவுண்டு அல்லது அதற்கும் கனமான லீடர் (தடித்த முனை நரம்பு), 8 கிலோவுக்குக் குறையாத டிராக் (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்). டிராக்கைக் கண்மதிப்பில் வைக்காமல் தராசில் கொக்கி மாட்டி இழுத்துப் பாருங்கள். சுறா சுற்றும் இடத்தில் ஒரு மீனை இழந்தால் உடனே இடம் மாறுங்கள். அங்கேயே நின்றால் அடுத்த மீனும் அதன் வாய்க்குத்தான்.

மீன் படகோரம் வருவதற்குள் மூன்று பொருட்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: நீண்ட மூக்குப் பிளையர், கடல்நீரில் நனைத்த ஃபோம் பாய், அளவு நாடா. வெயிலில் காய்ந்த ஃபைபர் தளம் மீனின் மேல்தோல் வழவழப்பை உரித்துவிடும், அதனால் தளத்தில் முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி வையுங்கள். பாரையின் வாலடியில் இருபுறமும் கத்திபோன்ற கடினச் செதிள் வரிசை உண்டு. வெறுங்கையில் பிடித்தால் வெட்டும், நனைத்த கையுறை போடுங்கள். ஒரு கை வாலடியில், மறுகை மார்புத் துடுப்புகளுக்குக் கீழே வயிற்றைத் தாங்கி. தாடையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை உங்கள் படகில் அனுமதிக்காதீர்கள். தன் எடையைத் தொங்கித் தாங்கும் உடம்பு மீனுக்கு இல்லை. மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை நீளம் எடுங்கள், எடை போடத் தேவையில்லை. படம் உட்பட எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். படம் எடுப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும், மீனும் அதைத்தானே செய்கிறது.

விடும்போது தலையை நீரோட்டத்தை நோக்கி வையுங்கள், அல்லது படகை மெல்ல முன்னே நகர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவது தவறு. பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் எதிர்த்திசையில் போகிறது. வால் உதறி உங்கள் பிடியை விட்டுப் போகத் துடிக்கும்போது விடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஜிக் (ஆழத்தில் இறக்கி ஆட்டும் கன உலோக இரை) போட்டு ஆழத்திலிருந்து எடுக்கும் களவாய், செப்பிலி வகைகளின் கதை வேறு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. மேலே வரும்போது காற்றுப்பையில் இருக்கும் வாயு நான்கு மடங்கு விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், வாய் வழியே பலூன் போல ஒன்று துருத்தி நிற்கும். அது வெளியே தள்ளப்பட்ட இரைப்பை. பலர் அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள், செய்யாதீர்கள். மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கினால் அழுத்தமே வாயுவைச் சுருக்கிவிடும். கருவி செய்வது எளிது. பிளாஸ்டிக் மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து, வாய்ப்புற விளிம்பின் நான்கு மூலையிலும் ஈயம் கட்டுங்கள், மொத்தம் 5 கிலோ அளவுக்கு. கவிழ்ந்து மேலே வந்த அடிப்பக்கத்தின் நடுவில் கயிறு. மிதக்கும் மீனின்மேல் கூடையை மூடி, தரைவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு மேலே இழுங்கள். மீன் கீழே நின்றுவிடும். மூன்றாவது களவாயும் இப்படி வந்தால் அந்த ஆழத்தில் ஜிக்கை நிறுத்திவிடுவதே சரி. களவாயில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாகின்றன, பெரியவற்றையே பொறுக்கி எடுத்தால் ஆண்கள் அற்றுப்போகும்.

சாப்பாட்டுக்கு எடுப்பதென்றால் சூரை, வஞ்சிரம் எடுங்கள். பவளப்பாறையோரத்துப் பெரிய வேட்டை மீன்களில் சிகுவடெரா நச்சு சேர வாய்ப்புண்டு. சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது.

புறப்படும் முன்: படகுக்கு மீன்வளத் துறை அனுமதி இருக்கிறதா பாருங்கள். வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிலும் ராணி ஜான்சி கடல் தேசியப் பூங்காவிலும் தூண்டில் போடக் கூடாது. வட சென்டினல் தீவு போன்ற பழங்குடிக் காப்பகப் பகுதிகளை 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மூடி வைத்திருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் ஃபோன் கொண்டுவந்தால் கைதாகக் கூடும். விமானம் ஏறுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். தேதி, இடம், எத்தனை ராடு, எத்தனை மணி நேரம், மீனின் நீளம், முள் மாட்டிய இடம், விட்டபோது நிலைமை. நான்கு பேர் ஆறு மணி நேரம் போட்டால் 24 ராடு-மணி. ஆறு மீன் என்றால் ஒரு ராடு-மணிக்கு 0.25. ஒரே பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) இந்த எண் பருவத்துக்குப் பருவம் சரிந்தால் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மீனே கிடைக்காத நாளையும் எழுதுங்கள். பூஜ்யத்தை விட்டுவிட்டால் மிச்சக் கணக்கு எல்லாமே பொய்யாகிவிடும்.